பார்த்தால்தான் சிரிப்பு: ஆறு அத்தியாயங்களோடு நின்ற 'பொலிஸ் ஸ்குவாட்!' பற்றிய நிகழ்வு ஆய்வு

1982 ஆம் ஆண்டு மார்ச் 4 ஆம் திகதி, வியாழக்கிழமை இரவு, அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சி 'பொலிஸ் ஸ்குவாட்!' என்ற அரைமணி நேர நகைச்சுவைத் தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது. மார்ச் மாதத்தில் நான்கு அத்தியாயங்கள் ஒளிபரப்பாகின. பிறகு தொடர் நிறுத்தப்பட்டது. எடுத்து முடித்து வைத்திருந்த மற்ற இரண்டும் ஜூலை 1 ஆம், 8 ஆம் திகதிகளில், கடனைத் தீர்ப்பதுபோல் காட்டப்பட்டன. அவ்வளவுதான் அதன் ஆயுள். ஆனால் அதே தொடருக்கு அவ்வாண்டு எம்மி விருதுக்கான பரிந்துரைகள் கிடைத்தன. நாயகனாக நடித்த லெஸ்லி நீல்சனுக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று. ஆறு ஆண்டுகள் கழித்து அதே நாயகனையும் அதே பொலிஸ் பிரிவையும் வைத்து அதே குழுவினர் எடுத்த 'த நேக்கட் கன்' என்ற திரைப்படம் பெருவெற்றி பெற்று, 1991 இலும் 1994 இலும் மேலும் இரண்டு படங்களுக்கு வழிவிட்டது. தொலைக்காட்சியில் படுத்த சரக்கு கொட்டகையில் எப்படி எழும்பியது என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

தொடரை நிறுத்தியதற்கு ஏ.பி.சி. நிறுவனத்தின் பொழுதுபோக்குப் பிரிவுத் தலைவராக இருந்த ரொனி தொமோபூலஸ் கூறிய காரணம் தொடரைவிடப் பிரபலமாகிவிட்டது. அதை இரசிக்க வேண்டுமானால் பார்வையாளர் அதைப் பார்க்க வேண்டியிருந்தது என்பதே அவர் சொன்னதன் சாரம். தொலைக்காட்சியைப் பார்க்காமல் வேறென்ன செய்வது என்று அன்றிலிருந்து இன்றுவரை எல்லாரும் அவரைக் கேலி செய்கிறார்கள். ஒரு தொடரை நிறுத்துவதற்குச் சொல்லப்பட்ட காரணங்களிலேயே மடத்தனமானது இதுதான் என்ற பொருளில் 'ரி.வி. கைட்' இதழ் எழுதியது. என் கணிப்பு வேறு. அவர் நோயைச் சரியாகவே பிடித்திருந்தார். கொடுத்த மருந்துதான் பிழை. அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்பது, கிளிநொச்சி மாவட்டப் பாடசாலையொன்றில் நாடகமும் அரங்கியலும் கற்கும் க.பொ.த. உயர்தர மாணவர்களுக்கு இந்த ஆறு அத்தியாயங்களையும் வாரத்துக்கு ஒன்றாகப் போட்டுக் காட்டியபோது எனக்குத் தெளிவாகியது.

முதலில் தொடரின் அமைப்பைச் சொல்ல வேண்டும். டேவிட் சக்கர், ஜெரி சக்கர், ஜிம் ஏப்ரஹாம்ஸ் ஆகிய மூவரும் 1980 இல் 'ஏர்பிளேன்!' என்ற படத்தால் பெயர் பெற்றவர்கள். ஒரு பழைய விமான விபத்துப் படத்தை எடுத்து, அதன் கதையையும் முகபாவங்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, சுற்றிலும் அபத்தத்தைப் பரப்பியது அவர்களுடைய உத்தி. அதையே பொலிஸ் தொடர்களுக்கு அவர்கள் பிரயோகித்தார்கள். 1957 முதல் 1960 வரை லீ மார்வின் நடித்த 'எம் ஸ்குவாட்' தொடரின் தொடக்கக் காட்சியும் இசையின் போக்கும் நாயகனின் விறைப்பான குரலும் அவர்களுக்கு மாதிரியாக இருந்தன. குவின் மார்ட்டின் தயாரித்த துப்பறியும் தொடர்களில் ஒரு வழக்கம் உண்டு; அறிவிப்பாளர் அன்றைய அத்தியாயத்தின் தலைப்பைக் கம்பீரமாக வாசிப்பார், ஒவ்வொரு பகுதியும் முதலாம் அங்கம், இரண்டாம் அங்கம் என்று எண்ணிடப்பட்டு வரும். அத்தொடர்களின் அறிவிப்பாளரான ஹாங்க் சிம்ஸையே 'பொலிஸ் ஸ்குவாட்!' குழுவினர் அழைத்து வந்து, அதே கம்பீரத்தோடு ஒரு தலைப்பை வாசிக்க வைத்து, திரையில் வேறொரு தலைப்பை எழுதிக் காட்டினார்கள். குரல் ஒன்று சொல்லும், எழுத்து இன்னொன்று சொல்லும், இரண்டையும் பற்றி எவரும் வாய் திறக்கமாட்டார்.

ஒவ்வொரு அத்தியாயத்தின் தொடக்கத்திலும் சிறப்பு விருந்தினராக ஒரு புகழ்பெற்ற நடிகரின் பெயர் அறிவிக்கப்படும். அவர் அந்தக் கணமே கொல்லப்படுவார். பிறகு கதையில் அவர் இல்லை. லோர்ன் கிரீன் குத்துப்பட்டு ஓடும் காரிலிருந்து வீசப்படுகிறார். வில்லியம் ஷாட்னர் துப்பாக்கிச் சூட்டிலிருந்து லாவகமாகத் தப்பி, ஆறுதலாக ஒரு கிண்ணம் மது அருந்தி, அதிலிருந்த நஞ்சினால் விழுகிறார். குவின் மார்ட்டினின் 'கானன்' தொடரில் துப்பறிவாளராக நடித்த வில்லியம் கொன்ராட்டுக்கும் இதே கதிதான். நகைச்சுவை நடிகர் ஜோன் பெலூஷியை வைத்தும் இப்படியொரு சாவு படமாக்கப்பட்டிருந்தது. முதல் அத்தியாயம் ஒளிபரப்பாகி அடுத்த நாள், மார்ச் 5 ஆம் திகதி, அவர் உண்மையாகவே இறந்துபோனார்; அந்தக் காட்சி ஒளிபரப்பாகவில்லை.

அத்தியாயத்தின் முடிவும் இப்படித்தான். அக்காலத் தொடர்களில் கடைசிக் காட்சியில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கையில் படம் அசையாமல் நின்று, அதன்மேல் பெயர்கள் ஓடும். இங்கே படம் நிற்கவில்லை. நடிகர்கள் தாமாக அசையாமல் நிற்கிறார்கள். ஒரு முறை கோப்பையில் ஊற்றிக்கொண்டிருந்த கோப்பி நிரம்பி வழிந்துகொண்டே இருக்கிறது. இன்னொரு முறை, பிடிபட்ட குற்றவாளி மட்டும் உறையாமல், சுற்றியுள்ளவர்கள் சிலையாகி நிற்பதைக் கண்டு தப்ப வழி தேடுகிறான். நாயகன் பிராங்க் ட்ரெபின் காரை நிறுத்தும்போதெல்லாம் குப்பைத் தொட்டியில் மோதுவான். எத்தனையாவது அத்தியாயமோ அத்தனை தொட்டிகள் சரியும். அல் என்ற பொலிஸ்காரர் மிகவும் உயரமானவர் என்பதால் அவருடைய முகம் ஒருபோதும் திரைக்குள் வருவதில்லை.

இவற்றில் எதையும் நடிகர்கள் கவனிப்பதில்லை. எவரும் சிரிப்பதில்லை. நீல்சன் அதற்கு முன் கால் நூற்றாண்டுக்கு மேலாகக் கப்பல் தலைவனாகவும் அதிகாரியாகவும் கனமான பாத்திரங்களில் நடித்தவர். அந்தக் குரலையும் அந்த நெற்றிச் சுருக்கத்தையும் அவர் ஒரு துளியும் மாற்றாமல் கொண்டு வந்தார். அக்கால அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களில் பெரும்பாலானவற்றில் பதிவு செய்யப்பட்ட சிரிப்பொலி சேர்க்கப்பட்டது. இதில் அது இல்லை. எனவே எங்கே சிரிக்க வேண்டும் என்று காதுக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், சில சிலேடைகளைத் தவிர, இது ஒரு சாதாரண பொலிஸ் தொடர். பகிடியில் பாதிக்குமேல் பின்னணியில், பெயர்ப்பலகையில், சட்டகத்தின் ஓரத்தில் இருக்கிறது.

வீட்டுத் தொலைக்காட்சியோ பெரும்பாலும் காதால் நுகரப்படும் பொருள். இதை அமெரிக்காவுக்குப் போய்த்தான் அறிய வேண்டுமென்றில்லை. மாலையில் கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ ஏதாவதொரு வீட்டுக்குள் நுழைந்தால் முன்விறாந்தையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும். அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டு மாமியார் மருமகள் சண்டையைக் கேட்பார். அதிர்ச்சி இசை மூன்று தரம் அடித்தால் மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்ப்பார். தொடர் எடுப்பவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். அதனால்தான் பாத்திரங்கள் நினைப்பதையெல்லாம் உரக்கச் சொல்கின்றன, ஒரே பார்வை ஐந்து கோணங்களில் காட்டப்படுகிறது. கவனம் பாதியாக இருந்தாலும் கதை விளங்கும்படி செய்யப்பட்ட பண்டம் அது. 1982 இன் அமெரிக்க வீட்டுக் கூடம் வேறு வசதிகளோடு இதே நிலையில் இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

வன்னியில் தொலைக்காட்சி எப்போதும் இப்படிப் பார்க்கப்படவில்லை என்பதுதான் இந்த ஒப்பீட்டை எனக்குச் சாத்தியமாக்கியது. இலங்கை ரூபவாஹினி தன் ஒளிபரப்பைத் தொடங்கியது 1982 பெப்ரவரி 15 இல், அதாவது 'பொலிஸ் ஸ்குவாட்!' தொடங்குவதற்குச் சரியாகப் பதினேழு நாள் முன்னர். ஏ-9 வீதியில் மாங்குளத்துக்கு வடக்கே கொக்காவிலில் அதற்கொரு மீள்ஒளிபரப்பு நிலையம் இருந்தது. 1990 ஜூலையில் அங்கிருந்த இராணுவ முகாம் வீழ்ந்ததோடு அதுவும் இல்லாமற்போனது. 174 மீற்றர் உயரமான புதிய கோபுரம் 2011 ஜூனில்தான் எழுந்தது. இடைப்பட்ட இரு தசாப்தங்களில் பெரும்பாலான இடங்களில் மின்சாரமும் இல்லை, எரிபொருளுக்கும் தடை. துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. படம் பார்ப்பதென்றால் ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, முற்றத்தில் ஊரைக் கூட்டிவைத்துப் பார்ப்பார்கள். அல்லது மினி சினிமாவில் காசு கொடுத்துப் பார்ப்பார்கள். எண்ணெய் முடிந்தால் படமும் முடிந்தது என்பதால், அந்த வெளிச்சத்தின் எந்த மூலையையும் எவரும் வீணாக்கவில்லை. கதாநாயகனுக்குப் பின்னால் தொங்கும் நாட்காட்டியில் என்ன மாதம் கிடக்கிறது என்றுகூடப் பார்த்துவைத்து மறுநாள் வாதாடிய சனம் அது. 'பொலிஸ் ஸ்குவாட்!' அந்த முற்றங்களுக்கு வந்திருந்தால் ஆங்கிலம் விளங்காமலே பாதிப் பகிடி எடுபட்டிருக்கும் என்று நான் துணிந்து சொல்வேன். அந்தக் கஷ்டகாலத்தைச் சிலாகிப்பதாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பார்க்கும் முறையைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

வகுப்பறைக்கு வருவோம். யன்னல்களைச் சாக்கினால் மறைத்து, புரொஜெக்டரால் சுவரில் காட்டினோம். முதல் அத்தியாயத்தின் முதற் பத்து நிமிடத்தில் மாணவர்கள் சிரிக்கவேயில்லை. "சேர், இது சீரியஸ் படமோ?" என்று ஒரு மாணவி கேட்டாள். ஒரு துப்பாக்கிச் சண்டையில்தான் திருப்பம் வந்தது. ட்ரெபினும் எதிராளியும் மறைவிடங்களில் பதுங்கிக்கொண்டு மாறி மாறிச் சுடுகிறார்கள். தனித்தனிச் சட்டகங்களில் பார்க்கும்போது வழமையான சண்டைதான். பிறகு கமரா பின்வாங்குகிறது, இருவரும் கை நீட்டினால் தொடும் தூரத்தில் குந்தியிருக்கிறார்கள். மாணவன் ஒருவன் கெக்கட்டமிட்டுச் சிரித்தான். அவனைப் பார்த்து மற்றவர்கள் சுவரைத் தேடத் தொடங்கினார்கள். அதன்பிறகு அவர்கள் பார்த்த விதம் வேறு. நாயகன் பேசும்போது எவரும் நாயகனைப் பார்க்கவில்லை. ஐந்தாவது வாரமளவில் சிறப்பு விருந்தினர் எந்த வகையில் சாகப்போகிறார் என்று பந்தயம் கட்டினார்கள்.

இன்னொரு தகவல் தற்செயலாகக் கிடைத்தது. இரண்டாம் வாரம் வராத மாணவன் ஒருவன் அந்த அத்தியாயத்தைக் கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு வந்து, ஒன்றுமில்லை சேர், சும்மா கதைக்கினம் என்றான். பொலிஸ்காரர் அல்லின் முகம் திரைக்குள் வராததை அவன் கண்டிருக்கவேயில்லை. உள்ளங்கையளவு திரையில் சட்டகத்தின் ஓரம் என்றொன்று இல்லை. முகம் மட்டும்தான் மிஞ்சுகிறது. 1982 இல் இந்தத் தொடரைத் தோற்கடித்த சிறிய திரை இன்று இன்னும் சிறியதாகிச் சட்டைப் பைக்குள் வந்திருக்கிறது.

தொடர் காலத்துக்கு முந்திப் பிறந்தது, அதன் வேகத்தை அன்றைய பார்வையாளரால் பிடிக்க முடியவில்லை என்று வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் எனக்கு ஒப்பவில்லை. 'ஏர்பிளேன்!' அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, அதே வேகத்தில், அதே மக்களிடையே வெற்றி பெற்றது. மாறியது இடம்தான். கொட்டகையில் இருட்டு இருக்கிறது, கொடுத்த காசு இருக்கிறது, பக்கத்தில் சிரிப்பவன் இருக்கிறான். எங்கே சிரிக்க வேண்டுமென்று அவன் காட்டிக்கொடுக்கிறான். 'த நேக்கட் கன்' படத்தில் நீல்சனைத் தவிர முக்கிய நடிகர்கள் சிலர் மாறினார்கள், கதை நீண்டது, பகிடியின் வகை மாறவில்லை. தொலைக்காட்சியில் தனித்துவிடப்பட்ட பகிடிக்குக் கொட்டகையில் கூட்டாளி கிடைத்தான் என்பதே நான் காணும் வேறுபாடு. மற்ற அலைவரிசைகளின் போட்டியும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் போட்டி எல்லாத் தொடருக்கும்தான் இருந்தது.

நீடித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற கேள்விக்கு எனது விடை சற்றுக் கடுமையானது. ஆறு போதும். சாகும் விருந்தினர், சரியும் தொட்டிகள், உறையும் முடிவு எல்லாம் திரும்பத் திரும்ப வருவதால்தான் சிரிப்பு. அதே காரணத்தால் அவற்றுக்கு ஆயுளும் குறைவு. இருபதாவது அத்தியாயத்தில் இருபது தொட்டிகளைச் சரிப்பதற்கு நல்லதொரு மைதானம் வேண்டும்.

எங்கே சிரிக்க வேண்டும் என்று சபைக்குத் தெரியாத சிக்கலுக்கு எங்கள் கூத்து மரபில் ஒரு தீர்வு ஏற்கெனவே இருக்கிறது. கட்டியகாரன் களரிக்கு முதலில் வந்து, அரசன் வருகிறான் பராக் என்று கூறி, சபையோரோடு பகிடியும் விடுவான். அரசன் எவ்வளவு விறைப்பாக ஆடினாலும், சபைக்குக் கட்டியகாரன் ஒரு பிடியைக் கொடுத்திருப்பான். 'பொலிஸ் ஸ்குவாட்!' கட்டியகாரனின் குரலை மட்டும் எடுத்துக்கொண்டு அவனுடைய கண்சிமிட்டலை வேண்டுமென்றே விட்டுவிட்டது. கலை என்ற வகையில் அது அதன் உயர்வு. ஒளிபரப்பு என்ற வகையில் அதுவே அதன் வினை.

இதைச் சோதித்துப் பார்க்க மாணவர்கள் தாங்களே ஒரு குறுநாடகம் எழுதினார்கள். பொருள் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை; போருக்குப் பிந்திய வன்னியில் திறப்பு விழாக்களுக்குப் பஞ்சமேது? பொதுக்கிணறு ஒன்றின் திறப்பு விழா. பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர், பொன்னாடை, மாலை, பெயர்க்கல். சிறப்பு விருந்தினரின் பெயர் அறிவிக்கப்படும், மாலை விழும், அவர் ஓரடி பின்னால் வைத்துக் கிணற்றுக்குள் போவார். விழா அவரில்லாமல் தொடரும். உரைகள் நீள நீள, பின்னால் இரண்டு பேர் கிணற்றுக்கட்டின் கற்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சாக்கில் போட்டுக்கொண்டு போவார்கள். கடைசியில் நாடா வெட்டும்போது கிணறும் இல்லை, பெயர்க்கல் மட்டும் நிற்கும். எவரும் சிரிக்கக் கூடாது என்பது கட்டளை.

பாடசாலைக் கலைவிழாவில் முதல்முறை மேடையேறியபோது, தொடருக்கு நேர்ந்தது எங்களுக்கும் நேர்ந்தது. முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் ஒலிவாங்கியில் பேசுபவரையே மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாக்கோடு போனவர்களை மேடை உதவியாளர்கள் என்று எண்ணியிருக்க வேண்டும். சிரித்தது சுவரோரம் நின்ற பெடியள் மட்டும். உரைகளில் அவர்களுக்கு அக்கறை இல்லாததால் கண் சும்மா அலைந்து பின்னால் நடப்பதைப் பிடித்துவிட்டது. இரண்டாவது முறை கோயில் வீதியில் இரவில் போட்டபோது ஒரு கட்டியகாரனைச் சேர்த்தோம். அவன் சிரிக்கவில்லை, விளக்கமும் சொல்லவில்லை. கல் ஒன்று குறையும்போதெல்லாம் ஒரு முறை பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, முன்னிலும் கம்பீரமாக அடுத்த உரையை அறிவித்தான். அந்தத் திரும்பல் போதுமாக இருந்தது. "உங்கை பாருங்கோ, கிணத்தைக் கொண்டுபோறாங்கள்" என்று ஓர் ஆச்சி உரத்துச் சொன்னார். பிறகு சபை தன்பாட்டில் சிரித்தது.

முடிவுக் காட்சியில் எல்லாரும் அசையாமல் நிற்பதையும் வைத்திருந்தோம். ஒருவர் கையில் சோடாப் போத்தல் கவிழ்ந்து வழிந்துகொண்டிருக்கும். நாடகம் முடிந்துவிட்டதென்று எண்ணிய விழாக் குழுவைச் சேர்ந்த ஒருவர் நேரே மேடையேறி, உறைந்து நின்ற பிள்ளைகளுக்கு நடுவே ஒலிவாங்கியைப் பிடித்து, பிரதம விருந்தினர் அவர்களே என்று நன்றியுரையைத் தொடங்கினார். சபை அடக்கமாட்டாமல் சிரித்தது. பிள்ளைகள் அசையவில்லை, அவர் உரையை முழுவதுமாக முடித்துக்கொண்டுதான் இறங்கினார். அடுத்த மேடையேற்றத்துக்கு அந்த நன்றியுரையை எழுத்துப் பிரதியில் சேர்த்திருக்கிறோம். அதைச் சொல்வதற்குப் பொருத்தமான ஒருவரைத்தான் இன்னும் தேடுகிறோம், ஏனெனில் மாணவர்களில் எவர் பேசினாலும் அவ்வளவு உண்மையாக வருவதில்லை.